பிரேமும் ஒரு நூல்கண்டும்

"அப்பா, எனக்கு ஒரு பிரேம் வேணும்."

ஞாயித்துக்கிழமை காலை, காப்பியும் கையுமா உட்கார்ந்திருக்கும்போது பையன் வந்து இப்படிக் கேட்டா என்ன நினைப்பீங்க? நான் மூக்குக் கண்ணாடின்னுதான் நினைச்சேன். "பவர் கூடிருச்சா? ராத்திரி பூரா அந்த மொபைலை நோண்டிக்கிட்டே இருந்தா..."ன்னு வழக்கமான பாட்டை எடுத்து விட்டேன். "ஐயோ அப்பா, சைக்கிள் பிரேம்!"னு தலையில அடிச்சுக்கிட்டான். அடிச்சது இடது கையால. வலது கையில மாவுக்கட்டு பிரிச்சு பத்து நாள்தான் ஆகியிருந்தது.

மாவுக்கட்டு ஏன்னு சொல்லாம மேல போக முடியாது. அதனால கொஞ்சம் கொசுவத்திச் சுருளைச் சுத்திக்கிறேன்.

நாங்க இருக்குறது புனே. ரெண்டு வருஷம் பொட்டி தட்டிட்டு சென்னைக்கு மாத்தல் வாங்கிக்கலாம்னு வந்தவன், 17 வருஷமா இங்கயே ஆணி பிடுங்கிக்கிட்டு இருக்கேன். பையன் பொறந்தது இங்கதான். வயசு 16. எங்க அடுக்குமாடிக்குப் பின்னால ஒரு குன்று. மராத்தில டேக்டின்னு சொல்வாங்க. அதோட அடிவாரத்துல காலியா கிடந்த இடத்துல பசங்க மண்ணைக் குவிச்சு மேடு கட்டி வச்சிருக்காங்க. ஒரு மேட்டுல ஏறி, காத்துல பறந்து, அடுத்த மேட்டோட சரிவுல இறங்கணும். இதுக்குப் பேர் டர்ட் ஜம்ப். 1970களில் கலிபோர்னியாவுல பசங்க குட்டி சைக்கிளை மண்ணுல பறக்கவிட்டு ஆரம்பிச்சது. பி.எம்.எக்ஸ். வழியா வளர்ந்து, பிறகு மலைச் சைக்கிளுக்கும் வந்துருச்சு.

புனே மண்ணும் எங்க கோவில்பட்டி மண்ணும் ஒரே ஜாதி. ரெண்டும் கரிசல். மழையில பிசின் மாதிரி ஒட்டும், வெயில்ல பாளம் பாளமா வெடிக்கும். அதுல மேடு கட்டினா நிக்காது. அதனால பசங்க முரம்னு சொல்ற சரளை மண்ணை எங்கிருந்தோ சாக்குல அள்ளிட்டு வந்து, கலந்து, தண்ணி தெளிச்சு, மண்வெட்டியால தட்டித் தட்டி இறுக்குறாங்க. ஜூன்ல மழை ஆரம்பிச்சா தார்ப்பாய் போட்டு மூடி வச்சுடுவாங்க. வீட்டுல தண்ணி பாட்டில் நிரப்பி வைக்க மாட்டானுங்க, அது வேற கதை.

இதெல்லாம் எனக்கு இப்பத் தெரியும். அப்போ ஒண்ணும் தெரியாது. பையன் சாயங்காலம் சைக்கிள் எடுத்துட்டுப் போறான், ஏழு மணிக்கு வர்றான், அவ்வளவுதான் தெரியும்.

அந்த சைக்கிளை 2022ல் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். 21 கியர், ரெண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், முன்னால ஸ்பிரிங், தடிச்ச டயர். பாத்தா மலையே ஏறிடும் போல இருக்கும். கூடவே வந்த வாரண்டி அட்டையில, குதிக்கவோ சாகசம் செய்யவோ உகந்தது இல்லைன்னு பொடி எழுத்துல போட்டிருந்தான். வாரண்டி அட்டையை யார் சார் படிக்கிறா? டிராயர்ல போட்டுப் பூட்டி வச்சோம்.

மூணு மாசம் முன்னாடி ஒருநாள் சாயங்காலம் அவன் கூட்டாளி ஒருத்தன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "காகா, சீக்கிரம் வாங்க." போய்ப் பாத்தா, சைக்கிள் ரெண்டா மடிஞ்சு கிடக்குது. ஹேண்டில்பார் மாட்டுற குத்துக்குழாயும், அங்கிருந்து கீழ பெடல் பக்கம் வர்ற குழாயும் சேர்ற இடத்துல பிரேம் பிளந்துருச்சு. பையன் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அழலை. மூஞ்சி மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேக்குக் காத்திருந்தப்போ நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கத்தினேன். "உன்னை யார்டா குதிக்கச் சொன்னா?" அவன் தரையைப் பாத்துக்கிட்டே இருந்தான். தங்கமணிதான் என் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டுப் போனாங்க.

ரெண்டு நாள் கழிச்சு, ராத்திரி லைட்டை அணைச்ச பிறகு, அவனே சொன்னான். "அப்பா, அந்த இடத்துல பெயின்ட்ல ஒரு கோடு விழுந்திருந்துச்சு. முடி மாதிரி. ரெண்டு வாரம் முன்னாடியே பாத்தேன்."

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீங்க சைக்கிளையே பூட்டி வச்சிருவீங்கன்னு."

என்கிட்ட பதில் இல்லை. ஏன்னா, பூட்டித்தான் வச்சிருப்பேன்.

இதை அப்பாகிட்ட போன்ல சொன்னேன். அப்பா கோவில்பட்டியில வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தவர். எழுபத்தஞ்சைத் தாண்டியாச்சு. "நானும் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் கம்பெனியும் 1949ல பொறந்தோம்"னு பெருமையா சொல்லிக்குவார். நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகினதும், முட்டியைப் பேத்துக்கிட்டதும், கோட்டம் எடுக்கவும் பால்ரஸுக்குக் கிரீஸ் வைக்கவும் கத்துக்கிட்டதும் அந்தக் கடையிலதான். மணிக்கு 50 காசு வாடகை. நோட்டுல பேரும் நேரமும் எழுதணும், அது என் வேலை.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஏல, மூணாம் நம்பர் சைக்கிள் ஞாபகம் இருக்கா?"ன்னார்.

இருந்தது. எனக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும். அந்த சைக்கிளோட பிரேம் இதே இடத்துலதான் விட்டுப் போச்சு. அப்பா பட்டறையில கொடுத்து, பித்தளை வச்சு ஊதி, மேல கருப்புப் பெயின்ட் அடிச்சு மறுபடியும் வாடகைக்கு விட்டார். ஒரு மாசம் ஓடுச்சு. எங்க தெருப் பையன் ஒருத்தன் அதை எடுத்துட்டுப் போய், ரயில்வே கேட் பக்கம் பள்ளத்துல இறக்கினப்போ மறுபடியும் விட்டுருச்சு. தாவாக்கட்டையில ஏழு தையல். அவங்க அப்பா வந்து சண்டைகூடப் போடலை. "அண்ணாச்சி, தெரிஞ்சேதான் குடுத்தீயளா?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டார்.

அதுக்குப் பிறகு உடைஞ்ச பிரேமை ஒட்டி எங்க கடையில வாடகைக்கு விட்டதே இல்லை. நேரா பழைய இரும்புக்குத்தான் போகும். அப்பா அந்தக் கதையை அவர் வாயால சொன்னது இதுதான் முதல் தடவை.

"பேரன் சொல்லாம இருந்தது தப்புதான். ஆனா அவன் பயந்து சொல்லலை. நான் காசுக்காகச் சொல்லலை. அவனைத் திட்டாத."

சுருளை அணைச்சாச்சு. இனி பிரேம் விஷயத்துக்கு வருவோம்.

தங்கமணி முதல்ல ஒரே பிடிவாதமா வேணாம்னுட்டாங்க. கடைசியில ரெண்டு நிபந்தனை போட்டாங்க. முகம் மூடின ஹெல்மெட்டும் முட்டிக்கவசமும் இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது. ரெண்டாவது, "நீங்க கூடப் போகணும். சும்மா வாங்கிக் கொடுத்துட்டு லேப்டாப்புக்குள்ள தலையை விட்டுக்கக் கூடாது." உள்குத்து புரிஞ்சுது.

அதனால நானும் பையனும் சேர்ந்து படிக்க ஆரம்பிச்சோம். முதல் நாளே தெரிஞ்சது, இந்த வகை சைக்கிள் நான் வாங்கிக் கொடுத்ததுக்கு நேர் எதிர்னு. 21 கியர் இல்லை, ஒரே கியர். முன் பிரேக் பெரும்பாலும் கிடையாது, பின்னால மட்டும். ஹேண்டில்பாரை முழுச்சுத்து சுத்தும்போது முன் பிரேக்கோட குழாய் சிக்கிக்குமாம். சீட்டு கிட்டத்தட்ட பின் சக்கரத்தை உரசுற உயரத்துல இருக்கும், அது உட்காருறதுக்கே இல்லை. மத்த மலைச் சைக்கிளெல்லாம் 27.5, 29 இன்ச்னு பெரிய சக்கரத்துக்குப் போயிட்டாலும், டர்ட் ஜம்ப் மட்டும் இன்னும் 26லயே நிக்குது. சின்னச் சக்கரம் உறுதி, காத்துல திருப்புறதும் சுலபம்.

அப்புறம், ஏன் உடைஞ்சுதுன்னு ஒரு கணக்குப் போட்டோம். ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து விழுந்தா தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். பையனும் சைக்கிளும் சேர்ந்து 68 கிலோ. சமதரையில விழுந்து, முன்னால இருக்குற ஸ்பிரிங்கோட 10 சென்டிமீட்டர்ல மொத்தமும் நின்னா, சராசரியா பதினோரு மடங்கு எடை. அதாவது முக்கால் டன். கை கால் மடங்கி நிறைய வாங்கிக்கும்தான். ஆனாலும் மிச்சம் போறது பிரேமுக்குத்தான். சரிவுல இறங்கினா இது வெகுவா குறையும், அதுக்காகத்தான் ரெண்டாவது மேடு. தூரம் பத்தாம மேட்டோட உச்சியில மோதும்போதும், தாண்டிப் போய் சமதரையில விழும்போதும்தான் பிரேம் சாகுது.

இதுக்கு ஒரு தர வரிசையே இருக்கு. அமெரிக்காவோட ஏ.எஸ்.டி.எம். எஃப்2043ன்னு ஒரு தரநிலை, சைக்கிளை 1 முதல் 5 வரை பிரிக்குது. 1 தார் ரோடு. 2 கப்பி ரோடு, 15 சென்டிமீட்டருக்கு மேல குதிக்கக் கூடாது. 3க்கு 61 சென்டிமீட்டர், 4க்கு 122 சென்டிமீட்டர். டர்ட் ஜம்ப் எல்லாம் 5. நிறைய கம்பெனிகள் இந்த எண்ணை கையேட்டுல போடுறாங்க, சிலர் பிரேம்லயே ஒட்டுறாங்க. அடுத்த தடவை பிள்ளைங்களுக்கு சைக்கிள் வாங்கும்போது டயர் தடிமனைப் பாக்காதீங்க, இந்த எண் இருக்கான்னு பாருங்க.

அடுத்து பெரிய பட்டிமன்றம்: இரும்பா, அலுமினியமா?

இரும்புன்னா சாதா இரும்பு இல்லை. 4130ன்னு ஒரு குரோம்மோலி எஃகு. குரோமியம் சுமார் 1 சதவீதம், மாலிப்டினம் 0.2 சதவீதம், கார்பன் 0.30 சதவீதம். அந்த 30தான் பேரோட கடைசி ரெண்டு எண். அலுமினியத்துல 6061ன்னு ஒரு வகை பிரபலம். எடை பாத்தா அலுமினியம் எஃகில் மூணுல ஒரு பங்குதான், ஆனா விறைப்பும் மூணுல ஒரு பங்கு. அதனால அலுமினிய பிரேமுக்குக் குழாய் தடிமனா இருக்கும். கடைசியில ரெண்டு பிரேமுக்கும் வித்தியாசம் அரைக் கிலோ வந்தா அதிகம்.

என்னைத் தொட்டது வேற ஒரு வித்தியாசம். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதுக்குக் கீழ எத்தனை லட்சம் தடவை அடி வாங்கினாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. ஒவ்வொரு அடியும் கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். அதுக்காக அலுமினியம் மட்டம்னு அர்த்தமில்லை, அதைக் கணக்குப் பண்ணித்தான் தடிமனா செய்யிறாங்க. ஆனா விட்டுப் போச்சுன்னா, தெருமுனைப் பட்டறையில ஒட்ட முடியாது. வெல்டிங் சூடு பட்ட இடம் பலம் இழந்துரும், மறுபடியும் முறைப்படி சூடேத்திப் பதப்படுத்தணும். எஃகு பெரும்பாலும் மெதுவா வளைஞ்சு, விரிசல் காட்டி, சொல்லிட்டுப் போகும்.

அப்புறம் அளவுகள். பின்குழாய் குட்டையா இருக்கணும், 380, 390 மி.மீ. அப்பதான் முன்சக்கரத்தைத் தூக்க வசதி. பெடல் அச்சுலேர்ந்து முன்குழாய் வரைக்கும் இருக்குற கிடைத்தூரத்தை ரீச்னு சொல்றாங்க, அது 400 மி.மீ.க்கு முன்னபின்ன. முன்போர்க்கு 100 மி.மீ. அமுங்குறதுன்னு வச்சு வடிவமைச்ச பிரேம்ல, "இன்னும் மெத்துன்னு இருக்கட்டும்"னு 140 போட்டா, முன்குழாய் ரெண்டு டிகிரி சாய்ஞ்சுரும், நெம்புகோல் நீளமாகி அதே மூட்டுலதான் அடி ஏறும். போர்க்கோட தண்டு மேல குறுகி கீழ அகலமா இருந்தா, பழைய 1⅛ இன்ச் நேர்க்குழாய் பிரேம்ல நுழையாது. பின்சக்கரம் மாட்டுற இடம் கிடைமட்டப் பள்ளமா இருக்கணும். ஒரே கியர் சைக்கிள்ல செயின் தளர்ந்தா, சக்கரத்தைப் பின்னால இழுத்துத்தான் இறுக்க முடியும். இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு. அட, நம்ம மூணாம் நம்பர் சைக்கிளும் அப்படித்தானே இருந்தது!

விலைதான் அழ வச்சது. முழு சைக்கிளா வாங்கினா லட்சத்தைத் தாண்டுது. புது குரோம்மோலி பிரேம் மட்டும் வரவழைச்சா வரியோட 40,000 ரூபாய்க்குப் பக்கம். இதுக்கு நடுவுல பையன் ஒரு பழைய அலுமினிய பிரேமைக் கண்டுபிடிச்சான். நல்ல கம்பெனி, சரியான அளவு, விலை 18,000. விக்கிறவர் புனேயிலயே ஊரோட அந்தக் கோடியில இருந்தார்.

ஒரு சனிக்கிழமை போனோம். நல்ல பையன், இருபத்திநாலு இருபத்தஞ்சு வயசு. டீ எல்லாம் கொடுத்தான். பிரேம் பளபளன்னு இருந்தது. என் பையன் அதைக் கையில வாங்கின விதத்தைப் பாத்தே, இது முடிஞ்சுபோன வியாபாரம்னு நினைச்சேன். எனக்கும் சந்தோஷம்தான். 22,000 மிச்சம் இல்லையா, ஹி ஹி.

"தாத்தாவுக்குக் காட்டலாம்ப்பா"ன்னான். வீடியோ கால் போட்டோம். அப்பா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம், "நூல் இருக்கா?"ன்னார்.

நூலா? அந்தப் பையன் எங்கிருந்தோ ஒரு நூல்கண்டு கொண்டு வந்தான். அப்பா சொல்லச் சொல்ல செஞ்சோம். பின்சக்கரம் மாட்டுற இடது பக்கப் பள்ளத்துல நூலைக் கட்டி, முன்குழாயைச் சுத்திக் கொண்டு வந்து, வலது பக்கப் பள்ளத்துல இறுக்கிக் கட்டணும். இப்போ நடுவுல இருக்குற சீட்டுக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை ரெண்டு பக்கமும் அளக்கணும். பிரேம் நேரா இருந்தா ரெண்டும் சமமா இருக்கும். லேசர், கம்ப்யூட்டர் எதுவும் வேணாம். பழைய வாடகை சைக்கிள் வாங்கும்போதெல்லாம் அப்பா செஞ்சது இதுதான், நானே நூலைப் பிடிச்சிருக்கேன். மறந்தே போயிருந்தேன்.

இடது பக்கம் 33 மி.மீ. வலது பக்கம் 38.

"மறுபடியும் அளங்க." அளந்தோம். 33, 38.

"ரெண்டு மில்லின்னா போகட்டும்னு விட்டுரலாம். அஞ்சுன்னா அது எங்கயோ பலமா வாங்கியிருக்கு. இரும்புன்னா நிமித்திப் பாக்கலாம், இதை நிமித்தக் கூடாது"ன்னார் அப்பா. விக்கிற பையனுக்குத் தமிழ் தெரியாது, ஆனா எண்களைப் பாத்தே முகம் மாறிருச்சு. அவனும் யார்கிட்டயோ பழசாத்தான் வாங்கினானாம். பொய் சொன்னதாத் தோணலை.

நான் மெதுவா, "அஞ்சு மில்லிதானே... ஜாக்கிரதையா ஓட்டினா..."ன்னு இழுத்தேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் காதுலயே அது வேற மாதிரி கேட்டுச்சு. அப்பா போன்ல ஒண்ணும் சொல்லலை.

பையன் ஸ்கேலை வச்சுக்கிட்டு மூணாவது தடவை அளந்தான். முன்குழாய்க்குக் கீழ விரலால தடவிப் பாத்தான். பிறகு நூலை அவுத்து, கண்டுல பழையபடி சுத்தி, பிரேமைச் சுவத்துல சாய்ச்சு வச்சான். "வேணாம்ப்பா. தெரிஞ்சுக்கிட்டே வாங்க வேணாம்."

அவனுக்கு மூணாம் நம்பர் சைக்கிள் கதை தெரியாது. நான் சொன்னதே இல்லை.

திரும்பி வர்ற வழியில கார்ல வச்சு முழுசா சொன்னேன். தையல், அந்த அப்பா கேட்ட கேள்வி, எல்லாம். கேட்டுட்டு, "தாத்தாவா?"ன்னு மட்டும் கேட்டான். கொஞ்ச தூரம் போனதும், "நானும் சாரிப்பா"ன்னான். நான் ஆஸ்பத்திரியில கத்தினதுக்கு அன்னிக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். டிராபிக்ல ஹாரன் சத்தத்துக்கு நடுவுல, ரோட்டைப் பாத்துக்கிட்டே. நேருக்கு நேர் பாத்துக் கேக்கறதெல்லாம் நம்மாலே ஆகுமா?

புது எஃகு பிரேமே சொன்னோம். அவன் சேமிப்பு 9,000, தாத்தா அனுப்பினது 5,000, மிச்சம் நான். 100 மி.மீ. போர்க்கும் சக்கரங்களும் பழசாவே கிடைச்சது. பிரேம் வந்து சேர அஞ்சு வாரம். வந்ததும் பெட்டியைப் பிரிச்ச கையோட பையன் முதல்ல தேடினது நூல்கண்டைத்தான். தங்கமணியோட தையல் பெட்டியிலேர்ந்து எடுத்தான். ரெண்டு பக்கமும் 36. போட்டோ எடுத்து கோவில்பட்டிக்கு அனுப்பினான்.

போன ஞாயித்துக்கிழமை நானும் டேக்டிக்குப் போனேன். மண்வெட்டி பிடிச்சு அரை மணி நேரம் முரம் தட்டினேன், இடுப்பு இன்னும் வலிக்குது. பசங்க "காகா, அப்படி இல்லை, இப்படி"ன்னு சொல்லிக் கொடுத்தானுங்க. பையன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, சின்ன மேட்டுலேர்ந்து ஆரம்பிச்சான். நான் வீடியோ எடுத்தேன். கை நடுங்கினதால பாதி வானம்தான் பதிவாகியிருக்கு. ஆனா இறங்கினது மட்டும் ஒழுங்கா விழுந்திருக்கு: ரெண்டு சக்கரமும் ஒண்ணா, சரிவுல, சத்தமே இல்லாம.

அப்பாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிட்டார். "பாத்தேன். நாலு தடவை பாத்தேன்."

"எப்படிப்பா இருக்கு?"

"செயின் தொங்குது. சக்கரத்தைப் பின்னால இழுத்து முடுக்கச் சொல்லு."